இரண்டு பெட்டரியும் ஒரு பழைய பஜாரும்

“கொம்பியூட்டரில் எழுதி வைத்தது எங்கே இருக்கிறது, சேர்?” என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது வகுப்பில் கேட்கும். வன்தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் எல்லாக் கணனிகளுக்கும் அந்தப் பதில் பொருந்தாது. மின்சாரம் ஓடும் வரைக்கும்தான் எழுத்து இருக்கும், அது நின்றால் எழுத்தும் நின்றுவிடும் என்ற விதமான கணனிகளும் இருந்தன. அப்படியான ஒன்று எங்கள் குடும்பத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

அதன் பெயர் ஸயொன் சீரிஸ் 5 எம்.எக்ஸ். லண்டனில் இருந்த ஸயொன் கம்பனி 1999இல் வெளியிட்ட கைக்கணனி. மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கொஞ்சம் அகலமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மூடியைத் திறந்தால் விசைப்பலகை தானாக முன்னுக்கு வழுகி வரும். அந்தக் கீலைச் செய்தவனுக்கு ஒரு சலாம் சொல்ல வேண்டும். பத்து விரலாலும் தட்டக்கூடிய உண்மையான விசைகள். 640க்கு 240 புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறத் திரை, 36 மெகாஹேட்ஸ் வேகமுள்ள ‘ஆம்’ செயலி, 16 மெகாபைட் நினைவகம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே இரண்டு பெட்டரியில் இயங்கும். அவற்றை மாற்றுகிற நேரத்துக்கு நினைவைத் தாங்கிக்கொள்ள உள்ளே காசு வடிவில் இன்னொரு சிறிய பெட்டரி.

வன்தட்டு என்று ஒன்று அதில் இல்லை. இயங்குதளமான ஈபொக் அழியாத நினைவகத்தில் பதிந்திருக்கிறது. நாம் எழுதுவது மட்டும் அந்த 16 மெகாபைட்டுக்குள். பெரிய பெட்டரியும் சிறிய பெட்டரியும் ஒன்றாகச் செத்தால் கடையிலிருந்து வாங்கி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும்.

இதை மஸ்கெலியாவுக்குக் கொண்டு வந்தவர் எங்கள் நானா. தம்மாமில் ஒரு கம்பனியில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். 2001இல் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் அரை விலைக்குக் கொடுத்ததை வாங்கிக் கொண்டார். நானா 2006இல் நிரந்தரமாக வந்துவிட்டார். வந்தவர் எங்கள் பஜார்க் கடையின் கல்லாவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தோட்டத்துச் சனங்களின் கடன் கொப்பி, மறு பக்கம் இந்தக் கறுப்புப் பெட்டி. சம்பள நாளில் மொக்காவிலிருந்தும் பிரவுன்ஸ்விக்கிலிருந்தும் வருகிறவர்கள் “மொதலாளி பைபிளு படிக்கிறாரா, குர்ஆனா?” என்று பகிடி விடுவார்கள். அவர் சிரித்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார்.

என்ன தட்டினார் என்பது எங்களுக்கு முழுதாகத் தெரியாது. சொற்கள் சேர்க்கிறார் என்று தெரியும். கடைக்கு வருகிற பேச்சில் ஒரு சொல் புதிதாகக் காதில் விழுந்தால் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறப்பார். பிரட்டு, காம்பரா, கவ்வாத்து, படங்கு, பத்துச்சீட்டு என்று தோட்டத்துப் பக்கத்துச் சொற்கள். முசாபர், சஹன், மௌத்து என்று எங்கள் பக்கத்துச் சொற்கள். இரவில் இஷாவுக்குப் பிறகு வாப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஏதோ கேட்டுக் கேட்டு எழுதுவார். வாப்பா 2010இல் மௌத்தானார். மூன்று வருடம் கழித்து, 2013இல், நானாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு வலி. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்தப் பெட்டி மதினியின் அலுமாரியில் இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். 2022 மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதினி கூப்பிட்டனுப்பினார். கையில் அந்தப் பெட்டி.

“தம்பி, பஜார்ல நல்ல பெட்டரி ஒண்டும் இல்ல. ஹட்டன்லயும் இல்லயாம். இருக்கிறதும் ஒரு மாசம் நிக்குதில்ல. முடிஞ்சா இதுக்குள்ள ஈக்கிறதெல்லாம் போயிரும் எண்டு ஒங்கட நானா சொன்ன. என்ன செய்ற?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்த ஒன்பது வருடமும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் பெட்டரி மாற்றி வந்திருக்கிறார். முதலில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்துக்குப் புதியதைப் போட்டு, பிறகு மற்றதைக் கழற்றி. ‘காசு பெட்டரி’யை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு முறை. கலண்டரில் பென்சிலால் சிறு புள்ளி. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. அந்தப் பெட்டியில் ஒரு எழுத்தைக்கூட அவர் வாசித்ததில்லை. திறந்து பார்ப்பார், வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

அந்த மார்ச் மாதத்தை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. டொலர் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் ஊருக்கு அதில் தனியான ஒரு கசப்பு உண்டு. பழைய மஸ்கெலியா பட்டினம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1960களின் இறுதியில் மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டிய அணை அது. அந்தத் தண்ணீர்தான் கெனியன் மின்நிலையத்துக்கும் லக்ஷபானவுக்கும் போய் நாட்டுக்கு வெளிச்சமாகிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தலை காட்டும். சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். வெளிச்சத்துக்காக ஊரைக் கொடுத்தவர்கள் மெழுகுதிரி வரிசையில் நின்ற மாதம் அது.

இனித் தொழில்நுட்பப் பக்கம். வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

முதல் யோசனை ஞாபக அட்டை. ஸயொனின் பக்கத்தில் ‘கொம்பெக்ட் ஃபிளாஷ்’ அட்டைக்கு ஒரு துவாரம் உண்டு. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழைய கெமராவின் அட்டை கிடைத்தது. பெரிய அட்டை. ஸயொனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. அது பிறந்த காலத்தில் அவ்வளவு பெரிய அட்டை இருக்கவில்லை. சின்னதொன்றைத் தேடிக் கொழும்புக்குப் போக பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை.

இரண்டாவது, லினக்ஸ். இந்த ஸயொனுக்குள்ளேயே லினக்ஸை ஏற்றி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். 1991இல் ஹெல்சிங்கியில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தன் மேசைக் கணனிக்காக எழுதத் தொடங்கிய கருவை, யாரோ முகம் தெரியாத ஆர்வலர்கள் இந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் வெட்டித் தைத்து நுழைத்துவிட்டார்கள். நானே ஒரு காலத்தில் அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டவன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. லினக்ஸ் உள்ளே வரும்போது ஈபொக்கைத் தள்ளிவிட்டு அந்த 16 மெகாபைட் முழுவதையும் தனதாக்கிக் கொள்ளும். அதில் ஏற்கெனவே இருந்தவர் யார், என்ன வைத்திருந்தார் என்று கேட்காது. ஒரு ஊரை நிரப்ப இன்னொரு ஊரைக் காலி செய்கிற வேலை. இந்தப் பெட்டியில் அது கூடாது.

ஆகவே லினக்ஸ் வெளியே இருக்க வேண்டும், ஸயொனின் பக்கத்தில், அதைத் தொடாமல். என்னிடம் ‘ரஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ’ ஒன்று இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக 2019இல் வாங்கியது. ரஸ்பெரி பை ஸீரோ 2015 நவம்பரில் வந்தபோது அதன் விலை ஐந்து டொலர். கம்பியில்லா இணைப்போடு வந்த ‘டபிள்யூ’ 2017இல் பத்து டொலர். ஒற்றைப் பலகையில் ஒரு முழுக் கணனி. நீட்டிய விரலின் நீளம், இரண்டு விரல் அகலம். ஒரு கிகாஹேட்ஸ் செயலி, 512 மெகாபைட் நினைவகம். இதிலும் ‘ஆம்’ குடும்பத்துச் செயலிதான். அந்த வகையில் இது ஸயொனின் பேரப்பிள்ளை. சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கும் குறைவான மின்சாரம். கைபேசிக்குச் சார்ஜ் போடுகிற பவர் பேங்க் ஒன்று இருந்தால் இரண்டு நாள் ஓடும். மடிக்கணனியால் அந்த மின்வெட்டில் இரண்டு மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ‘சிம்ப்யூட்டர்’ பற்றி ஒரு வார்த்தை. கைக்கணனியில் லினக்ஸ் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் என்ற கம்பனியும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினார்கள். 2004 மார்ச்சில் ‘அமிடா’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உள்ளே லினக்ஸ். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட வேண்டும், இந்திய மொழிகளில் எழுதியதை அது வாய் திறந்து வாசித்துச் சொல்ல வேண்டும், ஒரு கிராமமே ஒன்றை மாற்றி மாற்றிப் பாவிக்க ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய எண்ணம். விலை ஏறக்குறையப் பத்தாயிரம் இந்திய ரூபாயிலிருந்து. விற்றதோ சில ஆயிரம்தான். விரைவில் மலிவான கைபேசி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தோல்வி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்காக இந்தப் பெட்டி என்ற கேள்வியை அவர்கள் முதலில் கேட்டார்கள். ஸயொனைச் செய்தவர்கள் நேர்த்தியானவர்கள், ஆனால் அவர்களுடைய மனதில் இருந்தது லண்டன் ரயிலில் போகும் உத்தியோகத்தர். தமிழ் அதில் ஏறாது. எழுத்துக்கு எட்டு பிட் மட்டும் ஒதுக்கிய ஐரோப்பிய அட்டவணை. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும் இந்தப் பெட்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. (ஈபொக்தான் பிறகு சிம்பியன் ஆனது. நம் எல்லோர் கையிலும் ஒரு காலத்தில் இருந்த நோக்கியா ஃபோன்கள் பலவற்றில் ஓடியது அது. ஸயொன் கம்பனியோ 2001இலேயே கைக்கணனிச் சந்தையிலிருந்து விலகிவிட்டது.) நானா வாங்கிய வருடத்தில் சிம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தால், அது தம்மாமுக்கும் வந்திருந்தால், அவர் தமிழிலேயே எழுதியிருப்பார், மதினியும் வாசித்திருப்பார்.

ஸயொனின் பழைய பெட்டியிலேயே அதன் தொடர் இணைப்புக் கேபிள் பத்திரமாக இருந்தது. ஒரு முனை ஸயொனுக்கே உரிய சின்ன வாய். மறு முனை பழைய கணனிகளின் பின்னால் இருக்குமே ஒன்பது ஊசிச் செருகி, அதற்குரிய பெண் முனை. அந்தக் கேபிளில் வரும் மின்னழுத்தம் ரஸ்பெரி பைக்கு ஆகாது. பை 3.3 வோல்ட்டில் பேசுகிறது. ஆர்.எஸ்-232 என்கிற பழைய முறை நேர், மறை இரண்டு பக்கமும் அதைவிடக் கூடிய வோல்ட்டில் பேசும். நேரே கொடுத்தால் பை கருகிவிடும். இடையில் ‘மெக்ஸ் 3232’ என்ற சில்லு ஒன்று வேண்டும். துபாஷி மாதிரி. பாடசாலைப் பெட்டியில் அது ஏறிய பலகை ஒன்று கிடந்தது. அதிலும் பெண் முனை. இரண்டு பெண் முனைகளைச் சேர்க்க இரு பக்கமும் ஊசியுள்ள இடைமுனை ஒன்று தேவை. அதில் இரண்டு கம்பியை மாற்றியும் போட வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும் அல்லவா, இரண்டு வாயையும் சேர்த்துக் கட்டினால் யார் கேட்பது? பழைய ரேடியோ திருத்துகிற ஒருவர் பஜாரில் இருக்கிறார். காஸ் அடுப்பில் இரும்பைச் சூடாக்கி ஈயம் வைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

லினக்ஸ் பக்கத்தில் இதற்கென்றே செய்த கருவிகள் உண்டு. ‘பிஎல்பி டூல்ஸ்’ என்பது ஸயொனோடு அதன் சொந்தப் பாஷையில் பேசும். ‘ஸைகொன்வ்’ ஸயொனின் ஆவணங்களைச் சாதாரண எழுத்தாக்கித் தரும். இவற்றை எழுதியவர்கள் சம்பளத்துக்கு எழுதியவர்கள் அல்ல. செத்துப் போன கம்பனியின் செத்துப் போன கணனிக்கு இன்னமும் மருந்து வைத்திருக்கும் பரியாரிகள். மின்சாரம் இருந்த நேரத்தில் அவற்றை இறக்கிப் பையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு இரவு. மெழுகுதிரி ஒன்று, பவர் பேங்க் ஒன்று. மதினி, அவருடைய மகள், நான். முதல் வேலையாகக் கடைசி நல்ல பெட்டரி சோடியைப் போட்டோம். வழக்கப்படி மதினியே மாற்றினார், ஒன்றன் பின் ஒன்றாக. ஸயொனில் ‘தொலை இணைப்பு’ என்பதைத் திறந்து வேகத்தை 115200 என்று வைத்தேன். கைபேசி வழியாகப் பைக்குக் கட்டளை கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன். நடக்கவில்லை. மகள் கேபிளின் சின்ன வாயைக் கழற்றி, ஊதி, திரும்பச் செருகினாள். கைபேசித் திரையில் ஒரு வரி வந்தது. ஸயொன் தன் பெயரைச் சொன்னது.

அதன் பிறகு கோப்புகளின் பட்டியல். நாற்பத்தொரு கோப்பு. ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மெதுவாகத்தான். ஆனால் அந்த மெதுவில் ஒரு சுகம் இருந்தது. மதினி ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினார். எல்லாம் வந்து சேர்ந்தபோது சஹர் நேரத்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது. பிரதிகளின் அளவும் மூலத்தின் அளவும் சரியா என்று பார்த்து, இன்னொரு ஞாபக அட்டையிலும் போட்ட பிறகு சொன்னேன்: “மதினி, இனி பெட்டரி செத்தாலும் காரியமில்ல.”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப இனி மாத்தத் தேவல்லயா?” என்று மட்டும் கேட்டார்.

வந்த எழுத்து தமிழல்ல. அதாவது தமிழ்தான், ஆனால் இங்கிலிஷ் எழுத்தில். நானா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சின்ன ‘எல்’ போட்டால் ல, பெரிய ‘எல்’ போட்டால் ள. ண, ற இரண்டுக்கும் அதே போலப் பெரிய எழுத்து. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அரபு எழுத்துக்குப் புள்ளி கூட்டியும் கோடு கூட்டியும் தமிழுக்குத் தேவையான ஒலிகளை உண்டாக்கிக்கொண்ட அரபுத்தமிழ் நம் வீடுகளில் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அதில் நூல்களே செய்தார்கள். கையில் என்ன எழுத்து கிடைக்கிறதோ அதில் தமிழைப் போட்டு வைப்பது நம் ஆட்களின் பழைய பழக்கம். நானாவின் கையில் கிடைத்தது லண்டன் எழுத்து.

அதைத் தமிழாக்கப் பையில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பைதன் மொழியில் எண்பது வரி. நீளமான சேர்க்கையை முதலில் பிடிக்க வேண்டும். ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து வரும்போது அதை ஒன்றாக எடுக்காவிட்டால் தம்பி ‘ட்ஹம்பி’ ஆகிவிடுவார். நவுக்கும் னவுக்கும் அவர் ஒரே எழுத்தைப் போட்டிருந்தார். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் ந, மற்ற இடத்தில் ன என்று விதி வைத்ததும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அடங்காதது ழகரம். நானா ழவை எழுதவே இல்லை. மழை அவருக்கு ‘மளை’. பழம் ‘பளம்’. முதலில் ஒரு பட்டியல் போட்டு எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று இருந்தேன். ஒரு தமிழாசிரிய நண்பரும் அதைத்தான் சொன்னார், அச்சில் போனால் வெட்கம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. நானாவுக்கு எழுத்திலக்கணம் நன்றாகத் தெரியும். கடைக்கு வந்த மனிதர் எப்படிச் சொன்னாரோ அப்படி எழுதியிருக்கிறார். அதே ‘மழை’ தோட்டத்துப் பாட்டி ஒருத்தியின் வாயில் வந்த இடத்தில் ‘மய’ என்று இருந்தது. தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் பள்ளிக்கூடப் பழக்கத்தில் கை தானாக ‘மழை’ என்று போட்டிருக்கும். அந்நிய எழுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது காதை மட்டும் நம்பியது. விதியை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். ‘மளை’ மளையாகவே இருக்கிறது.

சொற்பட்டியல் 1,140 சொல். ஆனால் எங்களை உட்கார வைத்தது அதுவல்ல, ‘கடை’ என்ற பெயருள்ள இன்னொரு கோப்பு. கடன் கணக்கு என்று நினைத்துத் திறந்தேன். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பழைய பஜார், ஒவ்வொரு கடையாக. வாப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டது இதைத்தான். பாலத்தடியிலிருந்து தொடங்கி வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு திரும்பி வரும்போது மறு பக்கம். யாருடைய கடை, என்ன விற்றார்கள், எந்தத் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தார்கள், கதவு பலகையா இரும்பா. கருவாட்டுக் கடைக்கும் பீங்கான் கடைக்கும் நடுவே போகும் ஒழுங்கையால் போனால் பள்ளிவாசல் ஹவுள். அதற்கு எத்தனை படி. கோயில் தேர் திரும்பும் இடத்தில் யார் வீட்டுக் கூரைத் தகரம் தட்டும், அதை யார் முதல் நாளே கழற்றி வைப்பார். சில வரிகளின் பின்னால் அடைப்புக்குள் ‘வாப்பாவுக்கு நிச்சயமில்லை’ என்று குறிப்பு.

ஒரு ஊரை எழுதி வைக்கும் முறையில் கணக்குப்பிள்ளையின் முறைக்கு ஈடில்லை என்று அன்று நினைத்தேன். வர்ணனை ஒரு வரிகூட இல்லை. வரிசை, பெயர், சரக்கு, பாக்கி.

மதினிக்கு அதை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். வேண்டாம், தானே வாசிக்க வேண்டும் என்றார். ஸயொனை இப்போது வேறு விதமாகப் பூட்டினேன். தொலை இணைப்பை மூடிவிட்டு, அதிலிருந்த முனைய நிரலைத் திறந்தால் ஸயொனின் திரையிலும் விசையிலும் லினக்ஸ் வந்து நிற்கும். ஓடுவது பையில், தட்டுவது ஸயொனில். 1999ஆம் ஆண்டு விசைப்பலகைக்குப் பின்னால் 2017ஆம் ஆண்டு மூளை. ஸயொன் திரையில் தமிழ் தெரியாது, அதற்கு அந்த அச்சு இல்லை. ஆனால் பை தன் சொந்த வைஃபை வலையில் பக்கத்தைத் தமிழாக்கி அனுப்பும். முன் அறையில் உட்கார்ந்து நான் ஸயொனில் ஒரு வரியைத் திருத்தினால் உள் அறையில் மதினியின் கைபேசியில் அது தமிழில் மாறும். ஊரே இருட்டு. இணையம் இல்லை, கோபுரங்களிலும் பெட்டரி தீர்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரு பழைய பஜார் திறந்திருந்தது.

சில இடங்களில் அவர் உள்ளிருந்தே சத்தம் போட்டுத் திருத்தினார். “தம்பி, அது ‘சக்கு’ இல்ல, ‘சாக்கு’. ஒங்கட நானா அவசரத்தில ஒரு எழுத்த வுட்டுட்டார்.” ஒன்பது வருடம் வாசிக்காமல் காத்தவர், இரண்டு இரவில் பிழை பார்ப்பவராகிவிட்டார்.

நாற்பத்தொரு கோப்பில் நாற்பது திறந்தன. ஒன்று கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. பெயர் ‘வீடு’. 2012இல் கடைசியாக எழுதியது. ஸைகொன்வ் அதன் வாசலிலேயே நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரிந்த பெயர்களை, திகதிகளை எல்லாம் நான் போட்டுப் பார்க்கத் தொடங்கியபோது மதினி கையைப் பிடித்தார்.

“தொறப்பு தரணுமெண்டா தந்திருப்பார் தம்பி. அது ஈக்கட்டும்.”

கணனி தெரிந்தவனுக்கு இது கஷ்டமான விடயம். பூட்டு என்றாலே கை அரிக்கும். மதினியின் பேச்சை நான் தட்டவில்லை. அந்தக் கோப்பின் பிரதியும் மற்றவற்றோடு சேர்ந்து மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. எதற்காக இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

லினக்ஸை ஸயொனுக்குள் ஏற்றுவது பற்றிப் பிறகு ஒரு தடவை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி நட்டமில்லை என்று விளக்கினேன். மதினி அலுமாரியைக் காட்டினார், பேசவில்லை. கலண்டரில் பென்சில் புள்ளி இன்னமும் விழுகிறது.

‘கடை’ கோப்பை ஏ4 தாளில் அச்செடுத்துச் சிலருக்குக் கொடுத்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒன்று, கோயில் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு ஒன்று, கடையில் மேசை மேல் ஒன்று. மேசைப் பிரதிதான் அதிகம் வேலை செய்தது. சம்பள நாளில் வருகிறவர்கள் பேரப்பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அணை கட்டியபோது கூலி வேலைக்குப் போனவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், கண் பார்வை மங்கியவர், கிளென்டில்ட் பக்கமிருந்து வந்து மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விரலால் மேசையில் தெருவைக் கீறிக்கொண்டே இருந்தார். வலது பக்கம் பதினொன்றில் நிறுத்தச் சொன்னார்.

“மொதலாளி, இங்கன ஒரு கட விட்டுப்போச்சு. சின்னக் கட. ஒரு அம்மா வெத்தல வித்துச்சு. கதவே கெடையாது, சாக்குதான் தொங்கும்.”

வாப்பாவுக்கும் அது ஞாபகம் இருக்கவில்லை. அன்றிரவு ஸயொனைத் திறந்து, பையோடு இணைத்து, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு வரி சேர்த்தேன். நானாவின் முறைப்படியே இங்கிலிஷ் எழுத்தில்: வெத்தலக் கடை, கதவு சாக்கு. உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது, “வந்திரிச்சு தம்பி.”